மலக்கு நுழையாத வீடு

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. அதையும் பெரியத்தா வந்து கழற்ற வைத்தார். பெரியத்தா என்றால் என் அத்தாவின், அதாவது அப்பாவின், அண்ணன். அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அவரோடு சாகவில்லை. அதனால் பேசுகிறேன்.

திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலைக்குப் பின்னால் இருந்த சந்தில் எங்கள் வீடு. சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எனக்கு ஏழு வயது. அத்தாவுக்கு ஆலையில் வேலை. வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் தீக்குச்சி மருந்தின் வாடை வரும். ஓட்டு வீடு, இரண்டு அறை. வெளி அறையில் நானும் அத்தாவும். உள் அறையில் அம்மா. இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய நீலப் புடவை திரையாகத் தொங்கியது. அந்தத் திரையை நான் தாண்டக் கூடாது.

அம்மாவுக்கு டீபி. அந்த வார்த்தையை வெளியே சொல்லக் கூடாது. கேட்டால் நெஞ்சுச் சளி என்று சொல்ல வேண்டும் என்று அத்தா பழக்கியிருந்தார். நான் அப்படியே சொன்னேன். யாரும் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நோன்பு மாதத்தைத் தாண்ட மாட்டாள் என்று டாக்டர் அத்தாவிடம் சொன்னதை நான் அவர் கால் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் பிள்ளைகளுக்கு முன்னால் எதையும் பேசுவார்கள். பிள்ளைக்குக் காது உயரத்தில் இல்லை என்று நினைப்பு.

நோன்பு மாதம் வந்தது. போனது. அம்மா சாகவில்லை.

சந்தில் யாரும் என்னோடு விளையாட வர மாட்டார்கள். நான் வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்தால், பம்பரம் விட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகள் பம்பரத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போவார்கள். எதிர் வீடு மீன்பிடிக்கிறவர்களுடையது. அந்த வீட்டு அக்கா நல்ல மனுஷிதான். ஆனால் அவளும் என்னைப் பார்த்தால் மகனை உள்ளே கூப்பிட்டுக்கொள்வாள். குர்ஆன் ஓதுகிற பள்ளியில்கூட, மற்ற பிள்ளைகளின் வீட்டில் சொல்லி, என்னைச் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வைத்தார்கள். எனக்கு இருமலே கிடையாது. இருமினால்தான் என்ன, அது என் குற்றமா?

ஆக, நான் பேசுவதற்கு இரண்டு பேர். ஒன்று திரைக்குப் பின்னால் அம்மாவின் குரல். இன்னொன்று சுவரில் இருந்த படம்.

புராக் படம் அது. விண்ணேற்றத்தின் இரவில் நபிகள் நாயகம் ஏறிச் சென்ற வாகனம். அந்தக் காலத்தில் நிறைய முஸ்லிம் வீடுகளில் அது இருந்தது. பம்பாயில் அச்சடித்து வரும். வெள்ளைக் குதிரையின் உடம்பு, இரண்டு பக்கமும் இறக்கை, மயிலுக்கு இருப்பதுபோல் வால். முகம் மட்டும் பெண்ணின் முகம். தலையில் கிரீடம், பெரிய மை வைத்த கண். ஒரு மூலையில் மக்காவின் கஃபா, மறு மூலையில் மதீனாவின் பச்சைக் குவிமாடம். முதுகில் பூப்போட்ட சேணம். சேணத்தில் யாரும் இல்லை.

யாரும் ஏன் இல்லை என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். அம்மா இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அவங்களை வரையக் கூடாதும்மா. ஒருத்தன் ஒரு மாரி வரைவான், இன்னொருத்தன் வேற மாரி வரைவான். அப்பால ஜனங்க காயிதத்தைக் கும்பிட ஆரம்பிச்சிடும். அதுக்குன்னு காலியா கீதுன்னு நெனைக்காத. நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்."

அம்மாவுக்கும் எனக்கும் நடுவே திரை இருந்ததால் எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. கண்ணுக்குத் தெரியாதவர்கள் இல்லாதவர்கள் இல்லை.

அந்த முகத்தோடு நான் பேசுவேன். சாமி என்று நினைத்து இல்லை. பேச ஆள் இல்லை, அதனால். கஞ்சி அடிபிடித்துவிட்டது, இன்றைக்குச் சந்தில் ஒரு நாய் செத்துவிட்டது, இப்படி. அந்த முகம் தள்ளிப் போகாது. அது போதும்.

பெரியத்தா ராயபுரத்தில் இருந்தார். துறைமுகத்தில் மூட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. அந்தப் படத்தை அத்தா மண்ணடியில் வாங்கியபோது கூடவே நின்று, இது நல்லா கீது எடு என்று சொன்னவரே அவர்தான். அதன்பிறகு யாரோ ஒரு மௌலவியின் பேச்சைக் கேட்கப் போக ஆரம்பித்தார். தாடி நீண்டது. கைலி கணுக்காலுக்கு மேலே ஏறியது. அதில் எனக்கு ஒன்றும் இல்லை. அவரவர் தாடி.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றார், மூக்கில் கைக்குட்டை. அங்கிருந்தே சுவரைப் பார்த்தார்.

"இன்னாடா இது, இன்னும் வச்சிகினு கீற? ஏறினவங்களை வரையக் கூடாதுன்னு தெரியுதில்ல. ஏறின வாகனத்துக்கு மட்டும் பொம்பள மூஞ்சி வச்சி வரைஞ்சா சரியாப் பூடுமா? எந்தக் கிதாபுல கீது அந்த மூஞ்சி?"

நாமதாண்ணே வாங்கினோம் என்று அத்தா சொன்னார்.

"தெரியாம வாங்கினோம். இப்போ தெரியுது. படம் கீற வூட்டுக்குள்ள மலக்கு நுழைய மாட்டாங்க. அதான் உன் வூட்டுல பரக்கத் இல்ல, ஒரு விருத்தி இல்ல. அதான் உள்ள கீறவளுக்கு ஒடம்பு கொணமாவல."

அவர் சொன்ன சட்டத்தில் தப்பில்லை. பிறகு நானே படித்துப் பார்த்தேன். புராக்குக்குப் பெண் முகம் என்று எந்த ஆதாரமும் இல்லை. வரைகிறவன் கைக்கு வந்ததை வரைந்திருக்கிறான். உயிருள்ளவற்றின் படத்தை மாட்டி வைக்கக் கூடாது என்பதும் மார்க்கத்தில் உள்ளதுதான். எனக்குக் கோபம் அதற்கு இல்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாரே, அதற்கு. சொந்தத் தம்பி வீட்டுக்குள் தான் நுழைய மாட்டார், மலக்குமார் நுழையவில்லையே என்று கவலைப்படுகிறார். அம்மாவுக்குக் காது கேட்கும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் அன்று எனக்கு இந்தக் கோபமெல்லாம் இல்லை. அன்று எனக்கு வேறொன்று தோன்றியது. 

மலக்கு என்றால் அல்லாவின் ஏவலைச் செய்கிற வானவர். ஓதுகிற பள்ளியில் அவர்கள் பெயர்களை நாங்கள் ராகம் போட்டு மனப்பாடம் செய்திருந்தோம். அதில் ஒருவர் இஸ்ராயீல். மலக்குல் மவுத். உயிரை எடுத்துப் போக வருகிறவர். அவரும் மலக்குதானே? படம் இருக்கிற வீட்டுக்குள் மலக்கு நுழைய மாட்டார் என்றால் அவரும் நுழைய மாட்டார்.

அப்படியென்றால் டாக்டர் சொன்ன நோன்பு மாதத்தை அம்மா எப்படித் தாண்டினாள் என்பது விளங்கிவிட்டது. சுவரில் புராக் இருந்தது. இஸ்ராயீல் வாசல்வரை வந்து, பெரியத்தாவைப் போலவே வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

இப்போது அந்தப் படத்தைத்தான் கழற்றச் சொல்கிறார்கள்.

நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் என் காரணம் மலக்குக்கும் தெரிந்துவிடும் என்று பயம். அத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழகாதவர் அவர். பெரியத்தா போன பிறகு படத்தை இறக்கினார். சட்டத்தைப் பிரித்துக் காகிதத்தை உருவினார். கஃபா இருக்கிற படம், குப்பையில் போட முடியாது, கடலில்தான் விட வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அதைச் செய்தித்தாளில் சுற்றினார். பிறகு, பொட்டலத்தோடு திரைக்குள் போனார். உள்ளே இரண்டு பேரும் மெதுவாகப் பேசுகிற சத்தம் கேட்டது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. வெளியே வந்து, பொட்டலத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார். வெறும் கையோடு திரும்பி வந்தார்.

படத்தின் கண்ணாடி அம்மாவின் கஞ்சிக் கிண்ணத்துக்கு மூடியானது. சட்டத்தை அத்தா அடுப்பில் வைத்தார். சுவரில் ஆணி மட்டும் நின்றது. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு சதுரம்.

மறுநாளே நான் படம் தேடக் கிளம்பிவிட்டேன்.

முதலில் முனைக் கடைக்குப் போனேன். தெற்கேயிருந்து வந்த கிறிஸ்தவர் கடை. சுவரில் ஏசுநாதர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற காலண்டர். ஆட்டுக்குட்டி மட்டும் எனக்குப் போதும். ஆனால் ஏசுநாதரை விட்டுவிட்டு ஆட்டுக்குட்டியை மட்டும் எப்படிக் கேட்பது? தவிர, அவர்தான் எங்களுக்கு ஈசா நபி, அவரையும் வரையக் கூடாது என்று படித்திருந்தேன். இஸ்ராயீலைத் தடுக்கப் போய் அல்லாவிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது. கடைக்காரர் அவர் ஊர்ப் பேச்சில், என்ன வேணும் பிள்ள என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பிறகுதான் காலடியில் கிடந்தது கண்ணில் பட்டது. தீப்பெட்டி. எங்கள் ஊரில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? காலிப் பெட்டியிலிருந்து படத்தைக் கிழித்துச் சேர்த்து வைப்பதுதான் சந்துப் பிள்ளைகளின் விளையாட்டு. கப்பல், சாவி, விளக்கு, மான், புலி, குதிரை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மதிப்பு. பிள்ளைகளிடத்தில் கப்பலுக்கும் சாவிக்கும் மதிப்பு அதிகம்; சுலபத்தில் கிடைக்காது. அத்தா ஆலையிலிருந்து கொண்டு வந்த கப்பலும் சாவியும் என்னிடம் இருந்தன; எனக்கு அவை எதற்கும் உதவாதவை. அவற்றுக்கு உயிர் இல்லை. எனக்கு உயிர் வேண்டும்.

எதிர் வீட்டுப் பையன் வாசலில் படங்களைப் பரப்பி வைத்திருந்தான். நான் தெருவில் இறங்கியதுமே எழுந்துவிட்டான்.

"அங்கியே நில்லு. கிட்ட வந்தேன்னு தெரிஞ்சா எங்கம்மா தோலை உரிச்சிடும்."

ஒரு கப்பல் தருகிறேன், புலியும் மானும் தா என்றேன். அவன் என்னைப் பைத்தியம் என்பதுபோல் பார்த்தான். கப்பலுக்கு எதிரே புலியும் மானும் ஒரு பெரிய விலையே இல்லை. பிறகு அவனே ஒரு வழி சொன்னான். சந்தின் நடுவில் ஒரு கல்லைப் போட்டான். அதன் அடியில் புலியையும் மானையும் வைத்துவிட்டு வீட்டு வாசலுக்குப் போய் நின்றான். அதன்பிறகு நான் போய் எடுத்துக்கொண்டு, கப்பலை வைத்துவிட்டு என் வாசலுக்கு வந்தேன். அதன்பிறகு அவன் வந்து கப்பலை எடுத்தான். ஊதிவிட்டு எடுத்தான்.

அதுதான் எங்கள் விளையாட்டாகப் போனது. பள்ளி விட்டு வந்தால் கல்லும் நானும் அவனும். ஒருநாளும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கல்லுக்குப் பக்கத்தில் நின்றதில்லை. "லூசு, சாவி குடுத்து மாடு வாங்குது பாரு" என்று மற்ற பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பான். எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னைப் பற்றி ஒருவன் பேசுகிறான்.

அம்மா கொல்லைப் பக்கம் போகிற நேரம் பார்த்துத் திரைக்குள் நுழைவேன். உள்ளே ஒரே டெட்டால் வாடை, அதற்கு அடியில் வேறொரு வாடை. பாயைத் தூக்கி அடியில் புலியையும் மானையும் குதிரையையும் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். இஸ்ராயீல் அம்மா கிட்டே வந்தாலும் பாயைத் தாண்ட முடியாது என்பது என் கணக்கு.

ஆனாலும் ஒரு சந்தேகம். புராக் பெரிய படம். இது கட்டைவிரல் அளவு. போதுமா? ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத்திடம் கேட்டேன். செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்து கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. மலக்கு நுழையாமல் இருக்க எவ்வளவு பெரிய படம் வேண்டும் ஹஜ்ரத்?

அதுவரை எல்லோரும் எந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்றுதான் அவரிடம் கேட்டிருப்பார்கள். எதை வைக்க வேண்டும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிரம்பை நீட்டினார், எழுந்து வந்து அடிப்பதற்குள் கோபம் குறைந்திருக்க வேண்டும், ஒரு தட்டுத்தான். பிறகு எல்லோருக்குமாகச் சொன்னார். அளவில் ஒன்றும் இல்லை. மதித்து உயரத்தில் வைக்கிற படம்தான் தப்பு. காலில் மிதிபடுவதும், மேலே உட்கார்ந்து படுத்து அவமதிக்கப்படுவதும் அவ்வளவு குற்றமில்லை என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் பாய்க்கு அடியில் வைத்ததெல்லாம் வீண். அம்மா அதன் மேல்தான் படுத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எதற்கு என்று சொல்லாமல், பள்ளியில் படித்த பாடத்தை ஒப்பிப்பதுபோல அம்மாவிடம் ஹஜ்ரத் சொன்னதைச் சொன்னேன். படுக்கிற இடத்துக்குக் கீழே படம் இருந்தால் மலக்கு நுழைவாங்களாம். உள்ளே பாய் சரசரத்தது.

"தலைக்கு வச்சிக்கினா?" என்று அம்மா கேட்டாள்.

அதை ஹஜ்ரத் சொல்லவில்லை என்றேன். நாளைக்குக் கேட்டு வரட்டுமா என்றேன்.

"வாணாம், அவரைப் போய் பேஜார் பண்ணாத. கஞ்சி கீது பாரு, போய்க் குடி."

அம்மா எதற்காக அதைக் கேட்டாள் என்று நான் யோசிக்கவில்லை. ஏழு வயதில் நான் கேட்பதற்குத்தான் காரணம் உண்டு, பெரியவர்கள் சும்மா கேட்பார்கள் என்று நினைப்பு.

மறுமுறை அம்மா கொல்லைக்குப் போனபோது பாயைத் தூக்கினேன். ஒரு படம்கூட இல்லை. எலி இழுத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். அழுகை வந்தது. ஆனால் மேலே வைக்க வேண்டும் என்றுதானே ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார், போகட்டும் என்று மறுபடி ஆரம்பித்தேன். என்னிடம் இருந்த கடைசிச் சாவியைக் கல்லுக்கு அடியில் வைத்து இன்னொரு புலி வாங்கினேன். வாசல் கதவுக்குப் பின்னால், என் கை எட்டுகிற உயரத்தில், கஞ்சியைத் தடவி ஒட்டினேன். வாயைத் திறந்திருக்கிற புலி. உள்ளே வருகிறவர்களைப் பார்க்கிற மாதிரி ஒட்டினேன்.

அம்மா அதன்பிறகும் கொஞ்ச நாள் இருந்தாள். குளிர் ஆரம்பித்து, எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று அடிக்கிற மாதம். நான் மதியம் பள்ளி விட்டு வந்தேன். கல்லுக்கு அடியில் பையன் ஒரு குதிரை வைத்திருந்தான், நான் ஒன்றும் கொடுக்காமலே. எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், எதிர் வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வருகிறாள். எங்கள் வீட்டுக்குள் அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. என்னைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவள் புடவையில் மீன் வாடை. ஒரு வருஷத்துக்கு மேலாக என்னைத் தொட்டவர் அத்தாவைத் தவிர வேறு யாரும் இல்லை. அதனால் எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது.

"உள்ள போவாத கண்ணு. அம்மா பூட்சு."

அதன்பிறகு எல்லோரும் வந்தார்கள். உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் சந்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ராயபுரத்திலிருந்து குளிப்பாட்டுகிற பெண்கள் வந்தார்கள். நல்ல மவுத்து, சபூரான பொம்பள, வாயைத் திறந்து ஒரு வார்த்தை முனகல, சாவுக்குத் தயாராகத்தான் இருந்தா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சபூர் என்றால் பொறுமை. நானும் அதை நம்பினேன். பெரியத்தா சந்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏவிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் இருந்த புலியை அவர் பார்க்கவே இல்லை. பார்ப்பதற்கு அவர் உள்ளே வர வேண்டுமே.

அடக்கம் முடிந்த மறுநாள், அம்மாவின் பாயையும் தலையணையையும் துணிகளையும் எரித்துவிட வேண்டும் என்றார்கள். நோய்க்காக. அத்தாவால் முடியவில்லை. பெரியத்தாதான் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கழியில் எல்லாவற்றையும் கோத்துக் கடற்கரைக்குத் தூக்கிப் போனார். அத்தா பின்னால் போனார். நான் அத்தாவின் பின்னால் போனேன். யாரும் வராதே என்று சொல்லவில்லை. நான் இருப்பது அவர்களுக்கு ஞாபகமே இல்லை.

மணலில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். பெரியத்தா ஜிப்பாவிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். அதன்மேல் மான் இருந்தது. படம் இருக்கிற இடத்துக்கு மலக்கு வர மாட்டார் என்றவர் சட்டைப் பையில் இத்தனை நாளும் ஒரு மானை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

தலையணை மட்டும் பிடிக்கவில்லை. இலவம்பஞ்சு இறுகியிருந்தது. பெரியத்தா கழியால் குத்தித் தையலைக் கிழித்தார். பஞ்சு வெளியே வந்தது. பஞ்சோடு புலி வந்தது. மான், குதிரை, மாடு, மயில், நான் பாய்க்கு அடியில் வைத்து எலி தூக்கிப் போனதாக நினைத்த எல்லாமே வந்தன. காற்றில் பறந்தன. கடைசியில் ஒரு பெரிய காகிதம், பல மடிப்பாக மடித்தது. பெரியத்தா கழியால் பிரித்தார். வெள்ளை இறக்கை தெரிந்தது. பச்சைக் குவிமாடம் தெரிந்தது. மை வைத்த கண் தெரிந்தது.

பெரியத்தா அத்தாவைப் பார்த்தார்.

"கடல்ல வுட்டேன்னியேடா."

"அவ கேட்டா," என்றார் அத்தா. "குடுத்துட்டேன்."

 கஃபா இருக்கிற படத்தைப் பெரியத்தாவால் நெருப்பில் போட முடியவில்லை. வெறும் கையால் எடுத்தார், துண்டுகூடச் சுற்றாமல். கைலி நனைய அலைக்குள் இறங்கிப் போய் விட்டார். திரும்பி வந்து நெருப்புக்குப் பக்கத்தில் வெகுநேரம் குந்தியிருந்தார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. புகையாகவும் இருக்கலாம். அவருக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நான் அங்கே நின்று யோசித்தது ஒன்றுதான். அம்மா படத்தை மடித்து வைத்துவிட்டாள். மடித்தால் முகம் உள்ளே போய்விடும். தலையணைக்குள் வைத்துத் தைத்தால் மலக்குக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் வந்துவிட்டார். சுவரிலேயே இருந்திருந்தால் வந்திருக்க மாட்டார். பொறுமையான பொம்பள, எதையும் சரியாகச் செய்யத் தெரியாதவள். எனக்கு அம்மாமேல் பயங்கரமான கோபம் வந்தது. அந்தக் கோபம் பல வருஷம் இருந்தது.

பெரியவளான பிறகு கிதாபுகளில் தேடிப் படித்தேன். படம் இருக்கிற வீட்டுக்குள் நுழையாதவர்கள் ரஹ்மத்தை, அல்லாவின் அருளை, கொண்டுவருகிற மலக்குமார் என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். உயிரை எடுக்க வருகிறவருக்கு எந்த வீட்டிலும் தடை கிடையாது. இதை ஹஜ்ரத் அன்றே எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லாதது நல்லது. எனக்குச் செய்வதற்கு ஒரு வேலையாவது இருந்தது.

அம்மா செத்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட நிறையவில்லை. நான் அந்த வயதைத் தாண்டி, என் மகளுக்கு ஏழு வயது ஆனபோது, ஒருநாள் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

பெரியத்தா வாசலில் நின்று பேசியதை அம்மாவும் கேட்டிருக்கிறாள். இஸ்ராயீலும் மலக்குதான் என்று அவளுக்கும் தெரியும். அன்றே அத்தாவிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அத்தா கடலுக்குக் கொண்டு போனது வெறும் செய்தித்தாள். பாய்க்கு அடியில் புலியும் மானும் வந்தபோது, யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்திருக்கிறது. படுக்கைக்குக் கீழே இருந்தால் செல்லாது என்று நான் ஒப்பித்ததும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தலையணைக்குள் வைத்துத் தைத்திருக்கிறாள். இருமிக்கொண்டே எப்படித் தைத்தாளோ.

தயாராகத்தான் இருந்தா என்றார்களே, அவள் தயாராக இல்லை. அவளுக்குச் சாகப் பிடிக்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நான் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் அவளும் அதே பயத்தோடு படுத்திருந்தாள். நான் சொன்னால் அவள் சாகப் போவது அவளுக்குத் தெரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அவள் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அவளும் சொல்லவில்லை. நடுவில் ஒரு பழைய புடவைதான் இருந்தது.